கடிபடாத இலை

தொட்டிச்சோலையைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட வருஷம் நாச்சியாருக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை அவள் மேல்சுனையில் பூண்டும் கேரட்டும் பயிரிட்டுக்கொண்டிருந்தாள். வேலி முடிந்த மறுநாள் மருந்து வாரியத்து ஆட்கள் வந்து அவளுக்கு ஒரு பச்சை மழைக்கோட்டும் கேட்டின் சாவியும் கொடுத்தார்கள். வேலிக்குள் இருந்த ஒன்றரை ஏக்கர் வயலட் செடிக்கு அவள் காவல்.

மேல்சுனை பழனி மலையின் மேல்தட்டில் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஊருக்கு மேலே புல்மேடு, அது மடிந்து இறங்கும் பள்ளத்தில் தொட்டிபோல ஒரு சோலை. உள்ளே பகலிலும் இருட்டு. மரத்துக்கு மரம் பாசி தொங்கும். சோலையும் புல்லும் சந்திக்கும் ஓரத்தில், ஊற்று கசியும் கரையில், மக்கிய சருகுக்கு நடுவே வயலட் வளர்ந்தது. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. இதய வடிவத்தில் இலை. மெல்லிய காம்பின் நுனியில் தலைகவிழ்ந்த ஊதாப் பூ, கீழிதழில் கருநீலக் கோடுகள். வெயில் நேராக விழுந்தால் வாடும், நிழல் கூடினால் பூக்காது. ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. அப்படி ஓர் இடுக்கான இடம்தான் அதற்குத் தோது. ஆடு சீண்டாத, அடுப்புக்கு ஆகாத அந்தச் செடிக்கு ஊரில் ஒரு பெயர்கூட இருக்கவில்லை.

2058இல் வந்த காய்ச்சல்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்துச் சிலருக்கு விரல்கள் மடங்க மறுத்தன. பிறகு கை, கால், தொண்டை, கடைசியில் மூச்சு. உறைநோய் என்று ஜனங்கள் சொன்னார்கள். காட்டு வயலட் இலையில் இருந்த, வளையல்போல முனையோடு முனை சேர்ந்த ஒரு புரதம் அதைத் தடுத்து நிறுத்தியது. அந்த வளையலை எந்த ஆய்வுக்கூடத்தாலும் செய்ய முடியவில்லை. கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த வயலட்டிலும் அது வரவில்லை. மலையில், சொந்த மண்ணில், தானாக முளைத்த செடியில்தான் இருந்தது. மலையிலோ பெரும்பாலான சோலைகள் எப்போதோ பைன் காடாகவும் சீகைமரக் காடாகவும் மாறிப்போயிருந்தன. மீந்ததில் பெரியது தொட்டிச்சோலை.

நாச்சியாரின் கணவன் வேலப்பன் கொடைக்கானல் பஸ்ஸில் இருபது வருஷம் டிரைவராக இருந்தவன். ஒருநாள் கியரைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது. கண்டக்டர் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் அவனுக்குச் சோறு ஊட்டிவிடும் நிலை வந்தது.

காவல் வேலைக்கு வருபவர் வீட்டில் ஒருவருக்கு, அந்த இலையிலிருந்து எடுக்கும் சொட்டு மருந்து உறுதி என்பது வாரியத்தின் விதி. ஒருவருக்கு மட்டும். வேலப்பனின் தங்கை சூடாமணிக்கும் அதே நோய். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர், பக்கத்து வீடு. அவளுக்கு நோய் கால்களில் தொடங்கி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தில் நாச்சியார் வேலப்பன் பெயரை எழுதினாள்.

"அண்ணன் பேரத்தான மதினி போட முடியும்? நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்," என்றாள் சூடாமணி. அதன்பிறகு இரண்டு மாதம் அவள் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

மருந்து தொடங்கிய ஒன்பதாம் நாள் வேலப்பன் தன் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டான். மேலிருந்து கீழே ஐந்து பித்தான். போட்டு முடித்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றான்.

நாச்சியார் அந்தச் செடிகளைத் தன் வயலைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டாள். மலைக்கு வரும் மேகம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டிருந்ததால், வாரியம் குழாய் போட்டுப் பனிப்புகை தூவியது. எந்தக் கரையில் எவ்வளவு நேரம் தூவ வேண்டும் என்பது கருவியைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. உதிர்ந்த சருகை அள்ளவிட மாட்டாள். காட்டுப்பன்றி தோண்டிய இடத்தைக் கையால் மூடுவாள்.

அவளுக்குத் தொல்லையாக இருந்தது ஒன்றுதான். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுக் கோடும் முள்முள்ளாக மயிரும் உள்ள ஒரு புழு. வயலட் இலையைத் தவிர வேறு எதையும் அது தின்னாது. விளிம்பில் தொடங்கி அரைவட்டமாக அரித்துக்கொண்டே போகும். வாரியத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வோர் இலையும் ஓர் உயிர், புழுக்களைக் கையால் பொறுக்கி அழிக்கவும், பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்றது அது. கீழே டாக்டர் ஜெசிந்தாவின் கையெழுத்து. தூத்துக்குடிக்காரி, வாரியத்தின் விஞ்ஞானி, மாதம் ஒருமுறை அளவு பார்க்க வருபவள்.

நாச்சியார் மூங்கில் சிம்பால் புழுக்களைத் தள்ளி, சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டாள். முதல் வருஷம் நாளுக்கு முப்பது, நாற்பது கிடைத்தன. இரண்டாம் வருஷம் வாரத்துக்குப் பத்து. மூன்றாம் வருஷம் முழுவதிலும் ஏழே ஏழு. சோலை ஓரத்தில் பறந்துகொண்டிருந்த ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகளும் இல்லாமல் போயின. வேலிக்குள் ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று விரிந்து நின்றன. மற்றச் சோலைக் காவலர்களை அழைத்து வந்து, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று காட்டினார்கள். அவர்களும் போய் அதையே செய்தார்கள்.

2064 ஐப்பசியில், ஒருநாள் காலை, வேலப்பன் சட்டைப் பித்தானைப் போடாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"குளுருதாங்க?"

"ஆமா."

அடுத்த நாளும் துண்டு. மூன்றாம் நாள் நாச்சியார் துண்டை விலக்கிப் பார்த்தாள். நடுப் பித்தான் ஒன்று மட்டும் தப்பான ஓட்டையில் மாட்டியிருந்தது.

அவனுக்கு மட்டும் அப்படி ஆகவில்லை. மருந்து வாங்கிய நாலாயிரம் பேருக்கும் பழைய நோய் திரும்பிக்கொண்டிருந்தது. மண் களைத்துவிட்டது என்றது வாரியம். பனிப்புகையைக் கூட்டினார்கள். சொட்டின் அளவை இரண்டு மடங்காக்கி, வாங்குபவர்களைப் பாதியாக்கினார்கள். பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்ட ஒருவர் கொடைக்கானல் அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்து அங்கேயே இறந்துபோனார்.

மார்கழியில் ஜெசிந்தா வந்தபோது இலைகளை அளக்கும் கருவியை வெளியிலேயே எடுக்கவில்லை. காவல் குடிசையில் உட்கார்ந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே காகிதத்தில் ஒட்டி உலரவைத்த வயலட் இலைகள்.

"இது நாங்க முதல் வருஷம் எடுத்தது, அக்கா. அப்ப ஒரு இலையில எவ்வளவு மருந்து இருந்துச்சுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கேன். இது இந்த வருஷத்து இலை. இதுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா இல்ல. என்ன வித்தியாசம்னு ஒரு மாசமா பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க பாருங்க."

நாச்சியார் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பழைய இலைகள் சிறியவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் அரைவட்டம் அரைவட்டமாகக் கடி.

அவள் தாளைக் கீழே வைத்தாள். "புழு," என்றாள்.

"ஆமா. அந்த மருந்து செடிக்கு உணவு இல்ல அக்கா, அது செடியோட எதிர்ப்பு. புழு கடிக்கும்போது அதோட எச்சில் இலையில படுது. அப்பத்தான் செடி அந்தப் புரதத்தைச் செய்யுது. கடிபடாட்டி அதுக்குச் செய்யணும்னு அவசியமே இல்ல. அதான் கண்ணாடிக் கூடத்துல வரல. இப்ப இங்கயும் வரல."

"பொறுக்கிப் போடச் சொல்லி நீங்கதான எழுதுனீங்க."

"நான்தான் எழுதினேன்," என்றாள் ஜெசிந்தா. "இப்ப எல்லாச் சோலையிலயும் கேட்டுட்டேன். எங்கயும் இல்ல."

நாச்சியார் எழுந்து வெளியே போனாள். ஊற்றுக்கரையில் ஈரச் சருகின்மேல் மண்டியிட்டு, ஒரு செடியை முகத்தருகே இழுத்து, இலையின் விளிம்பைத் தன் பல்லால் கடித்தாள். அடுத்த இலை, அடுத்த செடி. கைக்கெட்டிய இடமெல்லாம் அரைவட்டமாகக் கடித்துக்கொண்டே நகர்ந்தாள். ஜெசிந்தா தடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து, கடிபட்ட அந்த இலைகளைப் பறித்துப்போய் அளந்து பார்த்துவிட்டு, இல்லை என்று மட்டும் சொன்னாள்.

நாச்சியார் வேலப்பனிடம் எதையும் மறைக்கவில்லை. தன் கையால் கொன்றதையும், அதனால் ஆனதையும் சொன்னாள். அவன் அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டான்.

"நீ என்ன செய்வ. செய்யச் சொன்னதச் செஞ்ச," என்றான். பிறகு, "எங்கயாச்சும் ஒண்ணு ரெண்டு இருக்கும் நாச்சியா. தேடு," என்றான்.

தை மாதம் முழுக்க அவள் தேடினாள். புல்மேடு, கைவிட்ட தோட்டங்கள், எரிந்துபோன சோலைகளின் அடிக்கட்டைகள். மாலையில் அவள் படியேறும்போதே அவன் கேட்பான்.

"புழு கிடைச்சுச்சா?"

"இல்லங்க."

மாசி பிறந்த நாலாம் நாள், மண்சரிவில் மூடிப்போன பழைய ரோட்டில் நடந்தபோது, பைன் காட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பாலம் வந்தது. பாலத்தின் அடியில் வெயில் படாத சுவர். அதன் காலில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த ஈரத்தில், அரைப் பாய் அகலத்துக்கு, சின்னச் சின்ன வயலட். எல்லா இலையிலும் ஓட்டை. நாச்சியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பதினோரு புழு.

ஜெசிந்தா மறுநாளே வந்து பார்த்தாள். நெடுநேரம் குத்தவைத்துப் பார்த்துவிட்டு ரோட்டோரக் கல்லில் வந்து உட்கார்ந்தாள்.

"வாரியத்துக்கு இன்னும் சொல்லல. சொன்னா பதினொண்ணையும் எடுத்துட்டுப் போய் எச்சிலைப் பிரிச்சுப் பாப்பாங்க. கிடைச்சாலும் கிடைக்கும். கிடைக்கலைன்னா உலகத்துல இந்தப் புழுவே இல்ல."

"விட்டு வச்சா?"

"பட்டாம்பூச்சி ஆகும், முட்டை வைக்கும். முட்டைய நாம தொட்டிச்சோலைக்குக் கொண்டுபோகலாம். மூணு வருஷத்துல மறுபடி எல்லாருக்கும் மருந்து வரும்."

நாச்சியார் பாலத்தின் அடியைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப இதுல கடிபட்ட இலை இருக்கே டாக்டரம்மா. அது ஒரு ஆளுக்குக் காணுமா?"

அந்தக் கேள்வி வரும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்திருந்தது. "ஒரு ஆளுக்கு ஏழெட்டு மாசம் வரும். ஆனா அந்த மருந்துதான் இலையோட கசப்பு, அதைத் தின்னு உடம்புல சேர்த்துக்கிட்டாத்தான் குருவி புழுவைத் தொடாது. இலையப் பறிச்சா புழு போயிரும்." கல்லிலிருந்து எழுந்து, "நான் உங்ககிட்ட வேண்டாம்னு சொல்லப்போறதில்ல அக்கா. சொல்ற இடத்துல நான் இல்ல," என்றாள்.

"அவரு எத்தன மாசம் இருப்பாரு?"

"நாலு. அஞ்சு."

அன்று மாலை வேலப்பன் கேட்டான். "புழு கிடைச்சுச்சா?"

"இல்லங்க," என்றாள் நாச்சியார்.

மறுநாள் அவள் கத்தரிக்கோலோடு பாலத்துக்குப் போனாள். நாலு இலை வெட்டினாள். அவற்றைக் கசக்கிக் கஞ்சியில் கலந்து அவனுக்கு ஊட்டினாள். நாலு இலையால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். அதற்கு அடுத்த நாள் போனபோது பாலத்துக் கைப்பிடியில் ஒரு சாம்பல் குருவி உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. எண்ணினாள், பத்து இருந்தது. கத்தரிக்கோலைப் பாலத்தின் அடியில் ஓடிய தண்ணீரில் எறிந்தாள்.

அதன்பிறகு தினமும் காலையிலிருந்து மாலைவரை அந்தப் பாலத்தின் அடியில் உட்கார்ந்து குருவி விரட்டினாள். வீட்டில் வேலிக்குப் போவதாகச் சொன்னாள்.

சித்திரையில் வேலப்பனால் உட்கார முடியவில்லை. வைகாசி நடுவில் அவன் குரல் போனது. அதற்கு முந்தின நாள்வரை அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவளும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கடைசியாக அவன் சொன்ன வார்த்தையும் அந்தக் கேள்விதான். ஆனி மாதம் ஒரு மத்தியானம், வெளியே வெயிலும் மழையும் சேர்ந்து பெய்துகொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. அந்த நேரம் தொட்டிச்சோலையில் முதல் முட்டைகள் பொரித்திருந்தன.

மூன்று வருஷம் என்று ஜெசிந்தா சொன்னது ஏறக்குறைய சரியாக இருந்தது. 2068 ஆவணியில் மருந்து மறுபடியும் வந்தது. பட்டியலில் இருந்த நாலாயிரம் பேரில் ஆயிரத்து நூறு பேர்தான் அதை வாங்க மிச்சமிருந்தார்கள். கொடைக்கானலில் ஒரு கூட்டம் போட்டு, ஜெசிந்தா மேடையில் எல்லாவற்றையும் சொன்னாள். தன் சுற்றறிக்கையைப் பற்றியும், புழுவைக் கண்டுபிடித்த நாளைப் பற்றியும். நாச்சியார் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை.

சூடாமணி போயிருந்தாள். இடுப்புவரை ஏறி, இடது கையையும் பிடித்திருந்த நோய் அவளை இன்னும் விட்டுவைத்திருந்தது. சக்கர நாற்காலியில்தான் போனாள். மருந்து தொடங்கி ஒரு மாதத்தில் இடது கை விரல்கள் அசைந்தன. இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குத் தன் காலால் நடந்து வந்தாள்.

நாச்சியார் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். சூடாமணி உட்காரவில்லை.

"மதினி, ஒண்ணு கேக்கணும். டாக்டரம்மா மேடையில சொன்னாங்க, மொதல்ல புழு கிடைச்சது மாசி மாசம்னு. அண்ணன் உசுரோட இருந்த மாசியா?"

"ஆமா."

சூடாமணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியும். டாக்டரம்மா வாயால கேக்கணும்னுதான் கூட்டத்துக்கே போனேன். ஒங்க வாயாலயும் கேக்கணும்னு இருந்துச்சு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன் சொன்னாரு."

நாச்சியார் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவருக்குத் தெரியாது சூடாமணி. நான் சொல்லவே இல்ல."

"சித்திரையில ஒருநா, நீங்க வேலிக்குப் போயிருந்தீங்க. என்னையத் தூக்கியாந்து அண்ணன் பக்கத்துல விட்டுட்டுப் போயிருந்தாங்க. அப்பப் பேச்சு இருந்துச்சு அவருக்கு. கேக்குறீங்களா, வேண்டாமா? நல்ல பேச்சு இல்ல மதினி. மூணு வருஷமா எனக்குள்ளயே வச்சுக்கிட்டிருக்கேன். இந்தக் கை அசையுறதப் பாக்கறப்பெல்லாம் தொண்டைக்கு வந்து நிக்குது."

"சொல்லு."

"'அவ தேடுறத நிறுத்திட்டா'ன்னாரு. 'கிடைக்காம நிறுத்துற ஆளா அவ? கிடைச்சுருச்சு. எனக்குத் தர முடியல அவளால. அத நான் கேட்டா ஒடைஞ்சு தந்துருவா. தந்துட்டு அப்புறம் ஆயுசுக்கும் எந்திரிக்க மாட்டா. அதனால புழு கிடைச்சுச்சான்னு மட்டும் கேப்பேன். அதுக்கு மேல கேக்க மாட்டேன்'னாரு."

நாச்சியார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"அதோட விட்டாரா?" என்றாள்.

சூடாமணி தடியை மாற்றிப் பிடித்தாள். "இல்ல. நான் பெருமையாச் சொன்னேன், நீ பெரிய மனசுக்காரன் அண்ணேன்னு. என்னையத் திட்டுனாரு. 'பெரிய மனசுமில்ல, மண்ணுமில்ல. இருபது வருஷம் ஒரு பாத்திரத்துல சாப்பிட்டோம். என்னைய விடப் புழு ஒசத்தியாப் போச்சு அவளுக்கு. எனக்கு வயிறு எரியுது சூடாமணி. தெனமும் அவ படியேறி வர்றப்ப, இன்னைக்காச்சும் மனசு மாறி கிடைச்சுச்சுன்னு சொல்ல மாட்டாளான்னு பாக்குறேன்.' அப்படித்தான் சொன்னாரு. கோவத்தோடதான் போனாரு மதினி. ஒங்ககிட்ட இல்லன்னு பொய் சொல்ல எனக்கு வரல."

வெளியே சோலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி ரோட்டை மறைத்துக்கொண்டிருந்தது. சூடாமணி அழத் தொடங்கியிருந்தாள். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. திட்டவும் கை ஓங்கவும் ஒரு மனம் வந்தது. அதுவும் முடியவில்லை.

நாச்சியார் அழவில்லை. குரல் போன பிறகு நாற்பது நாள் அவன் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கண்ணில் இருந்தது என்ன என்று இந்த மூன்று வருஷமும் யோசித்திருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

"எத மதினி?"

"கடேசியாச் சொன்னியே, அத. அவரு திட்டுனது. அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

சூடாமணி தயங்கினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனைப்போலவே குரலைத் தாழ்த்தி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.